பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றக் கூடாது

இஸ்லாத்தில் செல்வம் ஒரு சோதனை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் அது பாதிதான். போரிடாமல் கிடைத்த செல்வத்தைப் பங்கிடுவது பற்றிப் பேசும் குர்ஆனின் 59:7 வசனம், அது உங்களில் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்று காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஸகாத் என்ற கட்டாய தர்மத்தையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நிஸாப், அதாவது ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, உள்ள பணத்தைச் சும்மா பூட்டி வைத்தால் வருடத்துக்கு 2.5 சதவீதம் ஸகாத்தாகவே கரையும். பெறுவோரில் கடனில் மூழ்கியவரும் வழிப்போக்கரும்கூட உண்டு (9:60).

நபித்தோழர் உமர் (ரலி) அவர்களுக்கு மதீனாவுக்கு வடக்கே கைபர் என்ற ஊரில் கிடைத்த நிலத்தைக் கட்டுரை தொடவே இல்லையே என்பதுதான் என் பெரிய வருத்தம். இதைவிட உயர்ந்த சொத்து எனக்குக் கிடைத்ததில்லை, என்ன செய்யட்டும் என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். நிலத்தை அப்படியே நிறுத்திவைத்து, விளைச்சலைத் தர்மம் செய்யலாம் என்றார்கள். அப்புறம் அதை விற்கவோ வாரிசுக்குக் கொடுக்கவோ வழியில்லை. ஏழைகள், உறவினர்கள், அடிமைகளின் விடுதலை, விருந்தினர் என்று பலன் போனது. எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்: நிர்வகிப்பவர் அதிலிருந்து நியாயமாகச் சாப்பிடலாம், தனக்கென்று சொத்து சேர்க்கக் கூடாது என்பதும் நிபந்தனை.