லேயரை மட்டும் மறைச்சு வை

(கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. 2025 செப்டம்பர் 6, சாயங்காலம். முந்தின நாள்தான் அதிமுக மூத்த தலைவர் செங்கோட்டையன் பிரஸ்மீட் வெச்சு, கட்சிய விட்டுப் போனவங்களையெல்லாம் பத்து நாளைக்குள்ள சேர்த்துக்கோணும்னு கெடு குடுத்திருந்தாரு. அதிமுக கிளைச் செயலாளர் அண்ணன் மூச்சு வாங்க உள்ள வர்றாரு.)

அண்ணன்: தம்பி, நேத்து சொன்ன பேனரை அடிச்சுட்டியா?

தம்பி: வாங்ணா, இப்பத்தான் மெஷின்ல ஏத்தப்போறேன். பத்துக்கு எட்டு, நடுவுல 'ஒன்றிணைவோம்'னு கொட்டை எழுத்து, எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருக்காங்க.

அண்ணன்: ஏத்தாத, நிறுத்து! அவரைப் பதவியில இருந்து தூக்கிட்டாங்க.

தம்பி: பத்து நாள் கெடுன்னாருங்களே?

அண்ணன்: அவரு பத்து நாள் குடுத்தாரு, எடப்பாடியாருக்கு ஒரு நாளே போதும்னு ஆயிருச்சு.

தம்பி: அப்ப ஓபிஎஸ் படமும் வேண்டாமுங்களா?

அண்ணன்: முதல்ல அதை எடு. என்னைக் கேட்டா அவரைச் சேர்க்கவே கூடாது. 2022 ஜூலை 11, வானகரத்துல நாங்க பொதுக்குழு நடத்திக்கிட்டு இருக்கோம், அதே நேரத்துல அவரு ஆளுங்க ராயப்பேட்டை ஆபீஸ் கதவை உடைச்சு உள்ள போறாங்க, அடிதடி ஆகி கடைசில ஆபீஸுக்கே சீல் வெச்சுட்டாங்க. அம்மா உக்காந்த எடம்டா அது!

தம்பி: அன்னிக்கு இவரு அவரை நீக்க, அவரு இவரை நீக்க, யாரு யாரை நீக்குனாங்கன்னு புரியாம நான் ரெண்டு பேரையும் எடுத்துட்டு எம்ஜிஆரை மட்டும் வெச்சுக் குடுத்தேன், ஞாபகமுங்களா?

அண்ணன்: அதுக்கு இன்னும் காசு குடுக்கலைங்கறத ஞாபகப்படுத்தறியாக்கும்.

தம்பி: அதில்லீங்ணா. 2017ல ஓபிஎஸ் மெரினாவுல தியானம் பண்ணிட்டு வந்து சட்டசபையில எடப்பாடிக்கு எதிரா ஓட்டே போட்டாரு, 122க்கு 11. ஆறே மாசத்துல துணை முதல்வராக்கி கைகோத்து நின்னீங்க, அந்தக் கைகோத்த பேனரும் நான் அடிச்சதுதானுங்களே.

அண்ணன்: அது வேற.

தம்பி: எப்படிங்ணா வேற?

அண்ணன்: அப்ப ஆட்சி இருந்துச்சு. ஆட்சி கையில இருந்தா கோவமெல்லாம் வராது தம்பி. (கொஞ்ச நேரம் யோசிச்சு) ஆனா ஒண்ணு. 2024ல ராமநாதபுரத்துல பலாப்பழச் சின்னத்துல நிக்கறாரு, அதே பேர்ல இன்னும் அஞ்சு பன்னீர்செல்வம் நாமினேஷன் போட்டாங்க, எதுல குத்தறதுன்னு ஜனமே குழம்பிருக்கும், அப்படியும் ரெண்டாவது வந்தாரு. தேனியில டிடிவி குக்கரு ரெண்டாவது, நம்ம இலை மூணாவது. மொத்த 40ல நமக்கு முட்டை.

தம்பி: அப்பச் சேர்த்துக்கலாமுங்கறீங்க.

அண்ணன்: சேர்த்துக்கலாம்தான். ஆனா அவரா வரோணும், தொண்டனா வரோணும், ஒருங்கிணைப்பாளரு அது இதுன்னு வாயே தொறக்கக்கூடாது.

தம்பி: மூணு தடவை முதலமைச்சரா இருந்தவரு தொண்டனா வந்தா படத்தை எந்த சைஸ்ல போடறதுங்? ஸ்டாம்ப் சைஸா?

அண்ணன்: பிரச்சனையே அதான்டா! சின்னதா போட்டா அவரு ஆளுங்க கிழிப்பாங்க, பெருசா போட்டா எங்காளுங்க கிழிப்பாங்க.

தம்பி: எனக்கு ரெண்டு வாட்டி வேலை வரும். அதனாலதான் நான் யாரையும் டெலீட் பண்றதே இல்லீங்ணா. இங்க பாருங்க, ஒவ்வொருத்தரு படமும் தனித்தனி லேயரு, பேருக்குப் பக்கத்துல கண்ணு மாதிரி ஒரு பட்டன் இருக்குதுங்களா, அமுக்குனா மறைஞ்சுருவாங்க, மறுக்கா அமுக்குனா வந்துருவாங்க. 2017ல மறைச்ச சின்னம்மா உள்ள அப்படியேதான் இருக்காங்க, டிடிவி தொப்பியோட...

அண்ணன்: அடேய் மூடு மூடு, யாராச்சும் போட்டோ எடுத்துத் தொலைக்கப் போறாங்க! எடப்பாடியாரை மட்டும் வெச்சுப் புதுசா ஒண்ணு போடு.

தம்பி: எம்ஜிஆரு, அம்மா? பிப்ரவரியில அன்னூர்ல எடப்பாடியாருக்கு நடந்த அத்திக்கடவுத் திட்டப் பாராட்டு விழாவுக்குச் செங்கோட்டையன் போகாததே மேடையில அவங்க படம் இல்லைன்னுதானுங்களே.

அண்ணன்: வை வை, தாராளமா வை. அவங்க ரெண்டு பேரைத்தான் யாராலயும் நீக்க முடியாது.

தம்பி: கீழ உங்க படமுங்? கும்புடற மாதிரி நேத்து எடுத்தது நல்லா இருக்குது.

அண்ணன்: நம்ம பக்கம் ஒன்றியச் செயலாளருங்க சில பேரையும் தூக்கிட்டாங்களாம் தம்பி. நேத்து நானும் அங்கதான் கூட்டத்துல நின்னேன், டிவியில வேற தெரிஞ்சுதுன்னு உங்கக்கா சொன்னா. படம் வேண்டாம், பேரை மட்டும் போடு.

தம்பி: சரிங்.

அண்ணன்: பேரும் வேண்டாம். பத்து நாளு முடியட்டும், எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்ப்போம். 'இவண், பொதுமக்கள்'னு போட்டுரு.

தம்பி: பில்லும் பொதுமக்கள் பேர்லயே போட்டுரட்டுங்களா?