வியன்னா வேலையை விட்ட ஹார்ப்காரர்

ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியத்தை வாசிக்கும் பிரெஞ்சுக் கலைஞர் சவியே த மெஸ்த்ர், 2010இல் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வேலையை விட்டுத் தனிக் கச்சேரிக்குப் போன கதையை நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஏங்க, அந்த இடத்தை யாராவது விடுவாங்களா?" என்றார். அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இதுவோ முழுக்காசு உத்தியோகம். இருந்தாலும் அவர் செய்தது சரி என்பதே என் கட்சி.

இசைக்குழுவில் ஹார்ப்காரருக்கு என்ன வேலை? இசையமைப்பாளர் பெர்லியோஸ் இசைக்குழுவுக்கு எழுதிய சிம்ஃபொனி ஃபான்டாஸ்டிக்கில் ஐந்து பகுதிகள். ஹார்ப் ஒலிப்பது இரண்டாவதில், அந்த நடன விருந்துக் காட்சியில் மட்டும். நாற்பது கிலோவுக்குப் பக்கத்தில் எடையுள்ள வாத்தியத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, 47 தந்திக்கும் சுருதி சேர்த்து, பத்து நிமிடம்கூட வாசிப்பதில்லை. மீதி நேரம் மடியில் கை.

(யாழ் என்று எழுதலாமா என்று யோசித்தேன். காலால் மிதிக்கும் ஏழு பெடல் வைத்ததை யாழ் என்று சொல்ல மனசு வரவில்லை.)

அந்தப் பெடல்களில்தான் விஷயமே இருக்கிறது. 1810இல் எரார் என்ற வாத்தியத் தயாரிப்பாளர் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலை. ஒன்றை மிதித்தால் அந்த ஸ்வரத்தின் தந்திகள் மேலிருந்து கீழ்வரை கிட்டத்தட்ட எல்லாமே அரை ஸ்வரம் மாறும். மேலே எட்டு விரல் (சுண்டுவிரலுக்கு லீவு), கீழே இரண்டு கால், இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு. இந்த வசதி வந்ததே தாமதம் என்பதால் பழைய மேதைகள் பெரிதாக எழுதி வைக்கவில்லை. மொசார்ட் 1778இல் பாரிஸில் ஒரு கான்செர்ட்டோ (தனி வாத்தியம் முன்னே, இசைக்குழு பின்னே) எழுதினார், அதிலும் பாதி புல்லாங்குழலுக்கு. பீத்தோவன், பிராம்ஸ் இருவரிடமிருந்தும் ஹார்ப் கான்செர்ட்டோ கிடையாது.

ஆகவே தனிக் கலைஞர் என்றால் சோற்றோடு சட்டியையும் தானே செய்துகொள்ள வேண்டும். ஸ்பெயினின் ஹார்ப்காரர் நிகனோர் சபலேட்டா அப்படித்தான் வாழ்ந்தார். ரொட்ரிகோ அவருக்காக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். ஹினஸ்தேராவின் கான்செர்ட்டோவை 1965இல் ஃபிலடெல்ஃபியாவில் முதலில் வாசித்தவரும் அவரே. த மெஸ்த்ர், ஸ்மெத்தனாவின் 'மோல்டாவ்' நதியை, முழு இசைக்குழுவுக்கு எழுதியதை, ஒற்றை ஹார்ப்பில் ஓட விடுகிறார். யூடியூபில் பாருங்கள், முடிந்தால் கால்களையும்.

அதே வியன்னா குழுவில் ஆன்னா லெல்கெஸ் 1971 முதல் ஹார்ப் வாசித்தார். பெண் என்பதால் 1997 வரை உறுப்பினர் ஆக்கவில்லை. நிகழ்ச்சி நிரலில் பெயர்கூடப் போடாமல் இருந்தார்கள். அவர் ஏன் விடவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. விட்டுப் போகவும் ஒரு பெயர் வேண்டுமே! 1997க்கு அடுத்த ஆண்டே 25 வயதில் உள்ளே வந்த த மெஸ்த்ருக்கு அந்தப் பெயர் இருந்தது. அதைச் சொல்லாமல் அவர் துணிச்சலை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

இவ்வளவையும் கேட்ட நண்பர், "சரி, மாசச் சம்பளம்?" என்றார்.

த மெஸ்த்ர் 2001 முதல் ஹாம்பர்க் இசைக் கல்லூரியில் பேராசிரியர் என்றேன்.

"அப்படிச் சொல்லுங்க!" என்று நிம்மதியானார்.