பெற்றோர் இல்லாத குஞ்சுகளும் மூத்த பறவைகளும்

பெற்றோர் வளர்க்காத குஞ்சுகள் முழுக்க இயல்பூக்கத்தை நம்பியே வாழ்கின்றன என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் முடிவு சொல்கிறார்; அதை என்னால் ஏற்க முடியவில்லை. வூப்பிங் கிரேன் என்னும் அருகிவரும் வட அமெரிக்கக் கொக்கினத்தின் கதை வேறொன்றைச் சொல்கிறது. காப்பிடத்தில் பொரித்த குஞ்சுகளை, கொக்கு வேடமிட்ட பராமரிப்பாளர்கள் மனிதக் குரலே கேட்காதபடி வளர்த்து, 2001 முதல் சிறு விமானங்களின் பின்னால் விஸ்கான்சினிலிருந்து புளோரிடாவுக்குப் பறக்கப் பழக்கினார்கள். அந்த ஒரே பயணத்துக்குப் பின் அவை வசந்தத்தில் தாமாகவே வடக்கே திரும்பின என்பது உண்மைதான். ஆனால் மூத்த பறவையின் துணையில்லாத ஓராண்டுக் கொக்குகள் நேர்வழியிலிருந்து சராசரியாக 97 கிலோமீட்டர் விலகிச் சென்றதையும், மூத்தவற்றுடன் பறந்தபோது அந்த விலகல் 64 கிலோமீட்டருக்கும் கீழே குறைந்ததையும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. கூட்டத்தின் அளவோ இரத்த உறவோ இதில் பொருட்டாகவில்லை. கூட்டத்திலேயே மூத்த பறவையின் வயதுதான் பொருட்டானது. பெற்றோரின் இடத்தை, உறவே இல்லாத ஒரு மூத்த பறவை ஓரளவு நிரப்ப முடிகிறது என்பதே என்னை மிகவும் நெகிழச் செய்கிறது.

எல்லாவற்றிலும் அப்படியல்ல. இக்கொக்குகள் கூடு கட்டி முட்டையிட்டாலும், குஞ்சுகளை வளர்த்தெடுப்பதில் பெரும்பாலும் தோற்றன. அடைகாக்கும் பறவைகளை மொய்க்கும் கருப்பு ஈக்களும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் வளர்ப்பின் செயற்கைத்தன்மையைக் கருதியே விமான வழிகாட்டல் 2016இல் கைவிடப்பட்டு, கொக்குகளே குஞ்சுகளை வளர்க்கும் முறைக்கு முன்னுரிமை தரப்பட்டது.