ஜோர்டானைப் பள்ளி அணியிலிருந்து துரத்தினார்களா?

அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரத்தைப் பற்றி, “மைக்கேல் ஜோர்டானுக்குக் கூடைப்பந்தே வராது என்று பள்ளிப் பயிற்சியாளர் துரத்திவிட்டார்” என்ற ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் மறுபடி கிளம்பியிருக்கிறது. அது தவறு.

1978. வட கரோலினா மாநிலம் வில்மிங்டனில் உள்ள லேனி உயர்நிலைப் பள்ளி. ஜிம்மில் ஒட்டிய முதன்மை அணிப் பட்டியலில் ஜோர்டான் பெயர் இல்லை. வீட்டுக்குப் போய் அழுதார். இதுவரை உண்மை. ஆனால் அவரை வெளியே அனுப்பவில்லை, ஜூனியர் அணியில் சேர்த்தார்கள். அந்த வயதுப் பையன்களுக்கு அங்கே அதுதான் வழக்கம். அவர் வகுப்பிலிருந்து முதன்மை அணிக்குப் போனவர் லீராய் ஸ்மித். காரணம் உயரம்: அவர் ஆறடி ஏழு அங்குலம், ஜோர்டானோ அப்போது ஆறடிகூட இல்லை. ஜூனியர் அணியில் ஆடிவிட்டு, அப்புறம் ஜோர்டானும் முதன்மை அணிக்கு வந்தார்.

கதை பரவ ஜோர்டானும் ஒரு காரணம்தான். 2009இல், கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ‘ஹால் ஆஃப் ஃபேம்’ விழாவிலும் ஸ்மித் பெயரைச் சொல்லி, தன்னைக் கழித்துவிட்டார்கள் என்றே பேசினார். அந்தப் பேச்சு யூடியூபில் இருக்கிறது. அன்று உண்மையில் நடந்ததை ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ என்ற அமெரிக்க விளையாட்டு இதழின் 2012 கட்டுரையில் படிக்கலாம். பாவம், அந்தப் பயிற்சியாளர்தான் வீணாக வில்லன் ஆனார்.

உங்களுக்கு அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.