வீட்டில் செய்கிற காந்தத் துகள் ஸ்கேனர்: பாதி மெய், பாதி பொய்

"வரைபடம் இலவசம், காந்தத் துகள் ஸ்கேனரை வீட்டிலேயே செய்து புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம், எம்.ஆர்.ஐ. வேண்டாம்" என்றொரு செய்தி யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பாதி உண்மை, அதுதான் தொல்லை.

கருவியைச் செய்வதற்கான வரைபடங்கள் யாரும் எடுக்கும்படி திறந்து கிடைப்பது மெய். ஆனால் அவை எலியளவு உடலுக்கான ஆய்வுக்கூடக் கருவிகள். 2005இல் ஹம்பேர்க்கின் பிலிப்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட இந்தக் காந்தத் துகள் படமெடுப்பு முறை, ஊசிவழி செலுத்திய இரும்பு ஒக்சைட் நுண்துகள்களை மட்டுமே காட்டும். எலும்பும் தசையும் அதில் தெரியா. துகள் ஏற்றாவிட்டால் படமே இல்லை. அதையும் அடுப்படியில் காய்ச்சி நரம்பில் ஏற்றுவார்களாம்!

எக்ஸ்-கதிர் இல்லை என்பது சரிதான். ஆயினும் மனிதருக்கான வழக்கமான பரிசோதனையாக இது இன்னும் வரவில்லை. கட்டி என்ற ஐயமிருப்பவர் வைத்தியரிடமே செல்லட்டும்.