கதிர்வீச்சு பெற்ற இடத்தில் மறுமுறை கதிர்வீச்சு கூடவே கூடாதா?

ஒருமுறை கதிர்வீச்சு பெற்ற உடற்பகுதியில் பின்னாளில் சர்க்கோமா (எலும்பு, தசை, கொழுப்பு போன்ற திசுக்களில் உருவாகும் புற்றுநோய்) தோன்றினால், அங்கே மீண்டும் கதிர்வீச்சு தரவே முடியாது, ஆகவே அந்நோய்க்குச் சிகிச்சையே இல்லை என்றொரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. அதன் இரு பகுதிகளும் தவறானவை.

இத்தகைய சர்க்கோமா அரிதானது. பெரும்பாலும் முதல் சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தே தோன்றுகிறது. இதற்கு முதன்மையான சிகிச்சை அறுவை சிகிச்சையே. கட்டியைச் சுற்றியுள்ள நலமான திசுவின் விளிம்போடு முழுமையாக அகற்ற முடிந்தவர்களில் ஒரு பகுதியினர் குணமடைகிறார்கள். முழுமையாக அகற்ற இயலாதபோதோ, அதே இடத்தில் மீண்டும் வரும் அபாயம் மிகுந்திருக்கும்போதோதான் மறு கதிர்வீச்சு பற்றிய கேள்வி எழுகிறது.

அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. நலமான திசுக்கள் முந்தைய பாதிப்பிலிருந்து ஓரளவே மீள்கின்றன. எவ்வளவு மீளும் என்பது உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். புண் ஆறாமை, திசு இறுகுதல், எலும்பு முறிவு, நரம்புப் பாதிப்பு ஆகியவை உண்மையான அபாயங்கள். ஆனால் அபாயம் இருப்பது வேறு, அறவே இயலாமை வேறு. கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரின் செறிவை மாற்றும் ஐஎம்ஆர்டி, கட்டியைத் தாண்டிச் செல்லும் கதிரளவைக் குறைக்கும் புரோட்டான் சிகிச்சை, கதிர்மூலத்தைக் கட்டிப் பகுதிக்குள்ளேயே வைக்கும் பிராக்கிதெரபி ஆகியவை தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குப் பயன்படுகின்றன. மார்பகக் கதிர்வீச்சுக்குப் பின் தோன்றும் ஆஞ்சியோசர்க்கோமாவுக்கு (குழாய்ச் சுவர்களில், பெரும்பாலும் இரத்தக் குழாய்களில், உருவாகும் சர்க்கோமா), சிறு சிறு அளவுகளாக ஒரே நாளில் பலமுறை கதிர்வீச்சு தரும் முறையும் கையாளப்பட்டுள்ளது.

முடிவெடுக்க முந்தைய கதிரளவும், அது பாய்ந்த பரப்பும், இடைப்பட்ட காலமும் தெரிய வேண்டும்; எனவே பழைய சிகிச்சைக் குறிப்புகளுடன் சர்க்கோமாவில் அனுபவமுள்ள மருத்துவக் குழுவை அணுகுவது மிக அவசியம்.