அந்தத் திங்கட்கிழமை மாலைகள்
அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வாழும் பெரிய மார்மன் குடும்பங்கள் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது. மார்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவ சபை. பெரிய குடும்பம் என்றதும் "எத்தனை மனைவி?" என்று கேட்கிறார்கள். பலதார மணத்தைக் கைவிடுவதாக அந்தச் சபை 1890-லேயே அறிவித்துவிட்டது, சரியா!

நான் யூட்டாவின் ப்ரோவோ நகரில் இருந்தபோது பக்கத்து மார்மன் வீட்டில் ஏழு பிள்ளைகள், 12 பேர் உட்காரும் வேன். கட்டுரையில் விட்டுப்போனது திங்கட்கிழமை மாலை. அது குடும்பத்துக்கென்றே ஒதுக்கிய நேரம், அன்று வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பாட்டு, சின்னதாக ஒரு பாடம், விளையாட்டு, கடைசியில் இனிப்பு. சில வாரம் ஆறு வயதுப் பையன்தான் பாடம் நடத்துவான். இனிப்பை நினைத்து இரண்டே நிமிடத்தில் முடித்துவிடுவான்.

மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பெரியவர்களுக்கு விரதம். மிச்சமாகும் சாப்பாட்டுச் செலவு ஏழைகளுக்குப் போகும். ஞாயிறு ஆராதனை 2019-இல் மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. மடியில் ஒன்று, பெஞ்சுக்கு அடியில் ஒன்று என்று சமாளித்த அந்த அம்மாவுக்குத்தான் பெரிய நிம்மதி. ஞாயிறு கடை, ஓட்டல் கிடையாது என்பதால் வெளியே சுற்றுவதெல்லாம் சனிக்கிழமைதான்.

அப்புறம் ஜூலை 24. 1847-இல் மார்மன் முன்னோடிகள் யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்த நாள். ஊர்வலம் பார்க்க முந்தின இரவே சாலையோரம் போர்வை விரித்து இடம் பிடிப்பார்கள். ஒரு வருடம் என்னையும் கூட்டிப்போனார்கள். மார்மன்கள் காபி குடிப்பதில்லை; விடியற்காலையில் காபிக்குத் தவித்த எனக்குக் கிடைத்தது பிளாஸ்க் நிறைய சூடான கோகோ!